சுறாவுக்கு வாய்க்கட்டு

கடலின் அடியில் இறங்குவோனுக்கு அச்சங்கள் பல. மூச்சு முட்டுமோ என்ற அச்சம் ஒன்று; நீரோட்டம் இழுத்துச் செல்லுமோ என்ற அச்சம் மற்றொன்று. ஆயினும், இவை எல்லாவற்றையும் விடப் பெரிதாக மனிதன் உள்ளத்தில் நிற்பது சுறாவைப் பற்றிய அச்சமே. அவ்வாறிருக்க, இன்று பஹாமாத் தீவுகளிலும், பிஜியிலும், தென்னாப்பிரிக்காவிலும், ஆஸ்திரேலியாவிலும் சுறாக்களைக் காண்பதற்கென்றே மக்கள் பொருள் செலவழித்து, முதுகில் காற்றுக்கலம் கட்டிக்கொண்டு, கடலில் இறங்குகின்றனர். வயிற்றுப் பிழைப்புக்காக அன்று. வேடிக்கைக்காகவும் அறிவு வேட்கைக்காகவும் இறங்குகின்றனர். இவர்களுக்கு இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? அந்தத் துணிவுக்குத் தக்க ஆதாரம் உண்டா? இந்த இரு கேள்விகளுக்கும் விடை காண, சுறாவுக்கும் மூழ்குவோருக்கும் இடையே நடந்து வந்துள்ள நீண்ட வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும்.

அந்த வரலாற்றின் பழைய ஏடுகள் நமக்கு மிக அண்மையிலேயே கிடக்கின்றன. நெய்தல் நில மக்கள் சுறாவை நன்கு அறிந்தவர்கள். சுறா தாக்கியதால் உண்டான புண் ஆறியதும், தந்தை மீண்டும் நீலப் பெருங்கடலுக்குள் சென்றுவிட்ட செய்தியைக் குறுந்தொகைப் பாடல் ஒன்று போகிற போக்கில் சொல்லிச் செல்கிறது. அது அங்கே பெருஞ்செய்தியாகப் பேசப்படவில்லை. தாய் உப்பு விற்று நெல் வாங்கப் போயிருப்பதைப் போல, தந்தை கடலுக்குப் போனதும் ஒரு வீட்டுச் செய்தி, அவ்வளவே. கடலை நம்பி வாழ்வோருக்கு அச்சம் இல்லாமல் இல்லை. அச்சத்தோடு தொழில் செய்யும் வழியை அவர்கள் தேடிக்கொண்டனர்.

மன்னார் வளைகுடாவில் நடந்த முத்துச் சலாபத்தில் இந்த வழி ஓர் அமைப்பாகவே வளர்ந்துவிட்டது. முத்துக் குளிப்பவர் கல்லைத் துணையாகக் கொண்டு பாருக்கு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் மூச்சடக்கிச் சிப்பிகளை வாரிக் கூடையில் இடுவார். தோணியில் கயிறு பிடித்திருப்பவர் அவரை மேலே தூக்குவார். கையில் படைக்கலம் இல்லை. கண்ணுக்குக் கண்ணாடி இல்லை. இத்தகையோர் பலர் ஒரே நாளில் ஒரே பாரில் இறங்கினர். சுறாவின் வாயைக் கட்டிவிட்டதாக ஒருவர் உறுதி கூறினாலன்றி இவர்கள் நீரில் இறங்கமாட்டார்கள். அவ்வாறு உறுதி கூறியவரே ‘கடல்கட்டி’ எனப்பட்டவர்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கடல் வழியே சென்ற வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, மந்திரம் வல்லார் சிலர் பெருமீன்களைக் கட்டி வைப்பதைக் குறித்திருக்கிறார். கிடைக்கும் முத்துகளில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு. இதனோடு அவர் கூறும் வேறொரு செய்தி நம் கருத்தை ஈர்க்கிறது. அந்த மந்திரக் கட்டு பகற்பொழுதுக்கு மட்டுமே உரியதாம். மாலையானதும் கட்டை அவிழ்த்து விடுவார்களாம். இரவில் மீன்கள் தம் விருப்பம் போல் திரியலாமாம். இது ஏன்? இரவில் திருட்டுத்தனமாக எவரும் பாரில் இறங்கிச் சிப்பி எடுத்துவிடக் கூடாது என்பது இதன் பயனாகத் தோன்றுகிறது. பகலில் துணிவு தந்த அதே மந்திரம் இரவில் பூட்டாகவும் பயன்பட்டது. நம் முன்னோரின் நம்பிக்கைகளை வெறும் மடமை என்று ஒதுக்கிவிடுவோர், அவற்றுக்குள் பொதிந்திருந்த இத்தகைய உலகியல் அறிவையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனினும், கடல்கட்டியின் மந்திரம் சுறாவைக் கட்டியதா என்பது வேறு கேள்வி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய லெபெக் என்பவர் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். குளித்தவர் ஒருவர் சுறாவால் காலை இழந்தார். தலைமை மந்திரக்காரரை அழைத்துக் காரணம் கேட்டனர். மலையாளக் கரையிலிருந்து வந்த சூனியக்காரக் கிழவி ஒருத்தி பொறாமையால் எதிர்மந்திரம் செய்துவிட்டாள் என்றும், அது தமக்குக் காலம் கடந்தே தெரிந்தது என்றும் அவர் விடை சொன்னார். விடையும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. தீங்கு நேராவிட்டால் மந்திரத்தின் வெற்றி. தீங்கு நேர்ந்தால் பகைவரின் சூழ்ச்சி. எந்த நிலையிலும் பொய்யென்று மெய்ப்பிக்க இயலாத உறுதிமொழி அது.

1859இல் இலங்கையைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட எமர்சன் டென்னன்ட், அரிப்புக் கடற்கரையில் தாம் கண்டதை எழுதினார். அப்போது கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர். மந்திரத்தின் ஆற்றல் குடும்ப வழியில் வருவதென்று நம்பினரேயன்றி, சமயத்தைப் பொறுத்ததாக எவரும் கருதவில்லை. டென்னன்ட் சென்றபோது அத்தலைவர் நோயுற்றிருந்தமையால் வேறொருவரைத் தமக்குப் பதிலாக அனுப்பியிருந்தார். அந்தப் பதிலாளோ, தமக்கு மந்திரம் தெரியாது என்றும், ஆனால் தலைவரின் பேராளாகத் தாம் வந்திருப்பதே சுறாக்களுக்குப் போதும் என்றும் கூறினாராம்! நகைப்புக்கிடமான இச்செய்தியோடு டென்னன்ட் நின்றுவிடவில்லை. ஆங்கிலேயர் இலங்கையைக் கைக்கொண்ட பிறகு நடந்த சலாபங்களில் சுறாவால் நேர்ந்த விபத்தென்று நன்கு உறுதிப்பட்டது ஒன்றே ஒன்றுதான் என்றும் அவர் குறித்தார். அதற்கு அவர் கண்ட காரணம் மந்திரம் அன்று. எண்ணிறந்த தோணிகள், படகோட்டிகளின் கூச்சல், ஓயாது விழும் கற்கள், ஏறி இறங்கும் கூடைகள் ஆகிய இந்த ஆரவாரமே சுறாக்களை மிரளச் செய்திருக்கும் என்று அவர் கருதினார்.

ஆனால், 1890ஆம் ஆண்டு தூத்துக்குடிச் சலாபத்தின் கதை வேறு. அங்கே குளித்தவர் ஒருவரைச் சுறா கடித்தது. கலக்கம் பரவியது. குளிப்பவர்கள் மந்திரம் அறிந்த ஒரு மூதாட்டியை அமர்த்திக்கொண்டதும் கலக்கம் அடங்கியது. ஆனால், சுறா அடங்கவில்லை. மேலும் சிலர் கடிபட்டனர். காற்று சாதகமாக வீச, நீர் தெளிந்திருக்க, சிப்பி நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்த வேளையில் சலாபத்தையே கைவிட நேர்ந்தது. இச்செய்தியை எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்துள்ளார். நம் வரலாற்றுக்கு இந்த நிகழ்ச்சி ஒரு திறவுகோல். மந்திரம் கட்டியது மனிதனின் அச்சத்தையே. சுறாவின் வாயை அன்று. அச்சம் அடங்குவது வேறு, ஆபத்து அடங்குவது வேறு. இந்த வேறுபாட்டை மறந்தபோதெல்லாம் மனிதன் கடலில் இடருற்றிருக்கிறான்.

இப்படி மறந்தவர்கள் முத்துக்குளிப்போர் மட்டும்தான் என்று எண்ணிவிட வேண்டா. இரண்டாம் உலகப் போரின்போது, கப்பல் உடைந்தும் விமானம் வீழ்ந்தும் கடலில் மிதக்க நேர்ந்த அமெரிக்க வீரர்களைச் சுறா பற்றிய அச்சம் வாட்டியது. 1942 முதல் அந்நாட்டு அறிஞர்கள் முயன்று, தாமிர அசிட்டேட் என்னும் உப்பையும் கரிய சாயம் ஒன்றையும் சேர்த்துக் கட்டியாக்கிக் கொடுத்தனர். நீரில் கரைந்து பரவும் அப்பொருள் சுறாவை விரட்டும் என்று வீரர்கள் நம்பினர். பிற்காலச் சோதனைகள் அதற்குப் பெரும்பயன் இல்லை என்று காட்டின. 1970களில் அது கைவிடப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் பிறந்ததாயினும் இதுவும் ஒரு கடல்கட்டிதான். வீரனின் உள்ளத்துக்கு ஆறுதல் தந்தது; சுறாவைத் தடுக்கவில்லை.

இனி, வேடிக்கைக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் மூழ்கியவர்களின் வரலாற்றுக்கு வருவோம். 1939இல் ஆஸ்திரிய இளைஞரான ஹான்ஸ் ஹாஸ், கரிபியன் கடலில் குராசோ, பொனேர் தீவுகளின் அருகே மூழ்கிச் சுறாக்களை நேருக்கு நேர் கண்டார். நீருக்கடியில் உரக்கக் கத்தினால் அவை திரும்பி ஓடுவதை அவர் கவனித்தார். பகைவன் என்று எண்ணிய விலங்கு தன்னைக் கண்டு அஞ்சுவதை உணர்ந்தது பெரியதொரு திருப்பம். 1943இல் பிரெஞ்சுக் கடற்படையைச் சேர்ந்த ஜாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் காக்னனும் நீருக்கடியில் இயல்பாக மூச்சுவிட உதவும் கருவியை உருவாக்கினர். அதன் பிறகு ஆயிரக்கணக்கானோருக்குக் கடலடி திறந்துவிட்டது.

ஆனால், கூஸ்தோவின் அனுபவம் எச்சரிக்கையும் தந்தது. 1953இல் வெளிவந்த தம் நூலில், மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் கேப் வெர்தித் தீவுகளின் அருகே தாமும் தம் தோழர் துய்மாவும் சுறாக்களிடம் சிக்கிய நிகழ்ச்சியை அவர் விவரிக்கிறார். கையை வீசினர், காற்றுக் குமிழிகளை விட்டனர், கத்தினர், முன்பு கூறிய தாமிர உப்பையும் கரைத்தனர். எதற்கும் சுறா அசையவில்லை. தாமிரம் கலந்த நீரின் ஊடே அமைதியாக நீந்தி வந்தது. கடைசியில் கையிலிருந்த படக்கருவியாலேயே அதன் மூக்கில் இடிக்க வேண்டியதாயிற்று. சுறாக்களோடு பழகப் பழக அவற்றைப் பற்றித் தாம் அறிந்தது குறைவே என்று தெரிவதாக அவர் முடிவு கூறினார். ஓரிடத்தில் ஒரு முறை பயன்பட்ட உபாயத்தை எங்கும் எப்போதும் பயன்படும் விதியாகக் கொள்ளக் கூடாது என்பதே இதன் பாடம்.

அப்படியானால் உண்மையை அறிவது எவ்வாறு? எண்ணிப் பார்ப்பது ஒன்றே வழி. 1958இல் அமெரிக்க அறிஞர் குழு ஒன்று, உலகெங்கும் சுறா மனிதனைக் கடித்த நிகழ்ச்சிகளைத் தொகுக்கும் பதிவேட்டைத் தொடங்கியது. இன்று புளோரிடாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் அது பேணப்பட்டு வருகிறது. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் மனிதன் என்ன செய்துகொண்டிருந்தான், நீர் எப்படி இருந்தது, சுறா எவ்வினம் என்றெல்லாம் ஆராய்ந்து, மனிதன் தூண்டாமலே நேர்ந்த கடி என்றும், மனிதன் தூண்டியதால் நேர்ந்த கடி என்றும் பிரித்தனர். 2024ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் தூண்டாமல் நேர்ந்தவை 47. அவற்றில் உயிர் போனவை 4. கோடிக்கணக்கானோர் கடலில் இறங்கும் உலகில் இது மிகச் சிறிய தொகை. அதிலும் பெரும்பாலோர் நீந்துவோரும் அலைப்பலகையில் விளையாடுவோருமே. காற்றுக்கலத்துடன் மூழ்குவோர் சிலரே. மூழ்குவோரின் உயிரைக் கொள்வன பெரும்பாலும் இதய நோயும், காற்றுத் தீர்ந்து போவதும், கலங்கி விரைவாக மேலெழுவதுமே அன்றிச் சுறா அன்று.

இங்கே மாணவர்கள் ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அதே 2024இல் தூண்டியதால் நேர்ந்தவை என்று 24 நிகழ்ச்சிகள் தனியே எழுதப்பட்டுள்ளன. சுறாவைத் தொடுதல், ஈட்டியால் குத்துதல், வலையிலிருந்து விடுவித்தல், இரை கொடுத்தல் ஆகியவை எல்லாம் தூண்டுதலில் அடங்கும். ஆகவே, இரை போட்டுச் சுறாவை அழைத்துக் காட்டும் இடத்தில் ஒருவர் கடிபட்டால், அது முதற்கணக்கில் சேராது. சிறிய எண்ணைச் சொல்லிப் பயணிக்குத் துணிவு ஊட்டுவோர், அவர் இறங்கப்போகும் அந்நீர் அந்தக் கணக்குக்கு உட்பட்டதா என்பதையும் சொல்ல வேண்டும் அன்றோ? எண்ணும் சில வேளைகளில் மந்திரமாகிவிடும். எதை எண்ணினார்கள் என்று கேட்பவனுக்கே அது அறிவாகும்.

எண்ணியதோடு நில்லாமல், அறிஞர்கள் சுறாவின் இயல்பையும் ஆராய்ந்தனர். துடிக்கும் மீன் எழுப்புவது போன்ற தாழ்ந்த அதிர்வொலி சுறாக்களை வெகு தொலைவிலிருந்து அழைக்கிறது என்பதை 1963இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஈட்டியில் குத்திய மீனை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்துவோர் ஏன் கடிபடுகின்றனர் என்பதற்கு இது விளக்கமாயிற்று. யூஜினி கிளார்க் என்ற அம்மையார் 1950களின் இறுதியில் புளோரிடாவில் எலுமிச்சைச் சுறாக்களைப் பழக்கி, ஒரு பலகையை மூக்கால் அழுத்தினால் உணவு கிடைக்கும் என்று கற்பித்தார். குளிர்காலம் கழிந்த பின்னும் அவை பாடத்தை மறக்கவில்லை. அறிவற்ற கொலைப்பொறி என்று கருதப்பட்ட விலங்கு கற்கும் ஆற்றல் உடையது என்பது தெளிவாயிற்று. 1973இல் வெளியான மற்றோர் ஆய்வு, பசிபிக் தீவுகளில் வாழும் சாம்பல் நிறச் சுறாவின் எச்சரிக்கையை விவரித்தது. மூழ்குவோர் அதை விரைந்து நெருங்கினால், அல்லது ஒரு மூலையில் மடக்கினால், அது முதுகை வளைத்து, மூக்கை உயர்த்தி, பக்கத் துடுப்புகளைத் தாழ்த்தி நெளிந்து நெளிந்து நீந்துகிறது. ‘விலகிப் போ’ என்பதே அதன் பொருள். விலகாதவனையே அது கடிக்கிறது. நாய் உறுமுவதைப் போன்ற இந்த அறிவிப்பை மனிதன் இத்தனை காலமும் படிக்கத் தெரியாமல் இருந்தான்.

1963 டிசம்பரில், தென் ஆஸ்திரேலியாவில் ஈட்டியால் மீன் குத்தும் போட்டியில் கலந்துகொண்ட ராட்னி பாக்ஸ் என்பவரைப் பெரு வெள்ளைச் சுறா கடித்துக் குதறியது. அவர் பிழைத்ததே அரிது. பிழைத்தவர் பழி வாங்கப் புறப்படவில்லை. இரும்புக் கூண்டுக்குள் இருந்தபடி அதே சுறாவினத்தைக் காணும் முறையை வளர்த்தார். கூண்டுக்குள் இருந்து சுறாக் காணும் சுற்றுலா இவ்வாறு வளர்ந்தது. பிற இடங்களில் கூண்டும் இன்றி, இரை போட்டுச் சுறாக்களைத் திரட்டிக் காட்டும் வழக்கம் பரவியது. சுறா கற்கும் ஆற்றல் உடையது என்றால், மனிதன் வந்தால் உணவு வரும் என்றும் கற்காதா என்ற கேள்வி எழுந்தது. புளோரிடா மாநிலம் 2002 தொடக்கத்திலிருந்து மூழ்குவோர் சுறாவுக்கு இரை கொடுப்பதைத் தடை செய்தது. 2008 பிப்ரவரியில் பஹாமாவுக்கு அருகே, கூண்டின்றி இரை போட்ட நீரில் இறங்கிய ஆஸ்திரியப் பயணி ஒருவர் கடிபட்டு இறந்தார். மறுபுறம், பிஜியில் 2004இல் காப்பிடமாக்கப்பட்ட ஒரு பவளப்பாறையில், மூழ்க வருவோர் செலுத்தும் கட்டணம் அருகிலுள்ள கிராமங்களுக்குச் சேர, அங்கே மீன்பிடிப்பும் நிறுத்தப்பட்டது. இரை போடுவதால் வரும் கேடும் உண்டு. அதனால் சுறாக்கள் கொலையினின்று தப்பும் நன்மையும் உண்டு. இவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

வழக்கு முடியாவிட்டாலும், இறங்குவோன் கைக்கொள்ள வேண்டிய ஒழுக்கம் தெளிவாகவே இருக்கிறது. இரை கலந்த நீரையும் கலங்கிய நீரையும் விலக்க வேண்டும், வைகறையிலும் அந்தியிலும் இறங்குவதைத் தவிர்க்க வேண்டும், குத்திய மீனை உடலோடு சுமக்கலாகாது, துணையைப் பிரியலாகாது, சுறாவைத் தொடவும் துரத்தவும் அதன் வழியை மறிக்கவும் கூடாது, அது எச்சரித்தால், முகத்தை அதன் பக்கமே வைத்து, பதறாமல் பின்வாங்கி வெளியேற வேண்டும். இவற்றைக் கற்பிக்கும் வழிகாட்டியே இக்காலத்துக் கடல்கட்டி. பழைய கடல்கட்டிக்கும் அவருக்கும் ஒரு வேறுபாடு இருக்க வேண்டும். தாம் கூறுவதற்குக் காரணம் காட்ட அவரால் இயல வேண்டும். நீர் தகாததாக இருந்தால், பணம் கட்டியவர் முகம் சுளித்தாலும், ‘இன்று இறங்க வேண்டா’ என்று சொல்லும் உரம் அவரிடம் இருக்க வேண்டும். அத்தகையவரைத் தேர்ந்துகொள்ளும் பொறுப்பு இறங்குவோனுடையது.

முடிவாக, கணக்கின் மறுபக்கத்தையும் கூறிவிட வேண்டும். 1956இல் கூஸ்தோவின் குழுவினர் எடுத்த புகழ்பெற்ற திரைப்படத்தில், திமிங்கலக் குட்டியின் உடலைத் தின்ன வந்த சுறாக்களை மாலுமிகள் வெஞ்சினத்துடன் கப்பல் தளத்துக்கு இழுத்துக் கொல்லும் காட்சி இருக்கிறது. அன்று அதைக் கண்டவர் பலருக்கு அது நீதியாகத் தோன்றியிருக்கலாம். இன்றைய நிலை என்ன? 1970க்குப் பின் அரை நூற்றாண்டுக்குள், திறந்த பெருங்கடலில் வாழும் சுறா, திருக்கை இனங்களின் தொகை 71 விழுக்காடு குறைந்துவிட்டதென 2021இல் வெளியான ஆய்வு கூறுகிறது. மீன்பிடிப்பின் மிகுதியே இதற்குத் தலையாய காரணம். ஓராண்டில் சுறாவால் இறக்கும் மனிதரை விரல்விட்டு எண்ணிவிடலாம். மனிதனால் இறக்கும் சுறாக்களோ கோடிக்கணக்கானவை. இதை உணர்ந்து பலாவு 2009இலும், பஹாமா 2011இலும் தம் கடல்களைச் சுறாக்களின் காப்பிடங்களாக அறிவித்தன. இந்தியா 2001இலேயே திமிங்கலச் சுறாவைச் சட்டத்தால் காத்தது.

மன்னார்க் கடலில் கல்லைப் பற்றிக்கொண்டு இறங்கிய அந்த முத்துக்குளிப்போருக்கு வேறு வழி இருக்கவில்லை. எண்ணிக்கை ஏடும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை. இருந்ததெல்லாம் கரையில் நின்று முணுமுணுத்த ஒருவரின் சொல்லே. அச்சொல்லை நம்பி அவர்கள் இறங்கினர். இன்று இறங்குவோனுக்கு இறங்காமல் இருக்கவும் உரிமை உண்டு. அறிந்து இறங்கவும் வாய்ப்பு உண்டு. ‘அச்சம் நீங்கிவிட்டதா?’ என்பதோடு நில்லாமல், ‘ஆபத்து நீங்கியதற்கு என்ன சான்று?’ என்றும் கேட்டுப் பழகும் மாணவன், கடலுக்கு வெளியேயும் பல கடல்கட்டிகளை அடையாளம் கண்டுகொள்வான்.